மேனேஜர் அம்மாவின் சி டிரைவ்

மேனேஜர் தேசங்காவின் கம்ப்யூட்டருக்குள் நெனாத் திருட்டுத்தனமாகப் புகுந்தபோது காலை பதினொன்றரை. பன்னிரண்டு மணிக்கு அவன் அந்த அம்மாள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. லெஸ்கோவட்ஸ் ஊரில் சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு அரைத்து, அய்வார் என்று ஜாடியில் அடைத்து விற்கும் தொழிற்சாலை அது. ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு வாரமாக அங்கே பேச்சு.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இருப்பது நெனாத் ஒருவன்தான். அந்த ஒருவனும் தேவையா என்று அவனுக்கே அவ்வப்போது சந்தேகம் வரும். இன்றைய வேலையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுகிற ஆள். போன வாரம் மாடியிலிருந்து அவன் மேஜைக்கு வந்த கம்ப்யூட்டரில்கூடத் தன் ஃபைல்களை ஏற்றியதோடு சரி, அதன் பழைய பெயரை மாற்றுவது உட்பட மற்றதெல்லாம் அடுத்த திங்கள்.

பயம் மட்டும் அவனை உடனே வேலை செய்ய வைக்கும். ஆள்குறைப்புப் பட்டியல் மேனேஜரின் கம்ப்யூட்டரில்தானே இருக்கும்? எந்தக் கம்ப்யூட்டரின் சி டிரைவுக்கும் வெளியே தெரியாத ஒரு பின்வாசல் உண்டு, நெட்வொர்க்கைக் கவனிப்பவனிடம் அதன் சாவி இருக்கும். மேனேஜர் கம்ப்யூட்டரின் பெயரை அடித்து, பக்கத்தில் ‘சி’ போட்டு, ஒரு டாலர் குறியும் வைத்தான். அவன் திரையில் இசட் டிரைவ் என்று புதிதாக ஒன்று முளைத்தது.

திறந்து பார்த்தான். பட்டியல் எதுவும் இல்லை. ‘நெனாத்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது.

உள்ளே போனான். பக்கத்து ஊர் அய்வார் கம்பெனிக்கு அவன் ரகசியமாகப் போட்ட வேலை விண்ணப்பம் அங்கே இருந்தது. செப்டம்பரில் முதுகு வலி என்று மூன்று நாள் லீவு எடுத்தானே, அந்த மூன்று நாளும் வீட்டு முற்றத்தில் நாற்பது கிலோ குடமிளகாய் சுட்டு, குனிந்து நிமிர்ந்து அண்டா கிண்டிய படங்கள் தேதியோடு இருந்தன. ‘எங்க ஃபேக்டரி அய்வாரை ஆடுகூட மோந்து பாக்காது’ என்று மச்சானுக்கு எழுதிய கடிதமும் இருந்தது.

பயம் போய்க் கோபம் வந்தது. அடுத்தவன் கம்ப்யூட்டரை நோண்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு பெரிய மனுஷி செய்கிற காரியமா என்று பல்லைக் கடித்தான். தான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. மணியைப் பார்த்ததும் கோபம் போய் மறுபடி பயமே வந்தது.

மாடி ஏறினான். தேசங்கா சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார். காப்பி குடிக்காமல் அங்கே யாரும் எதையும் பேச ஆரம்பிப்பதில்லை. செப்புக் குவளையைச் சின்ன அடுப்பில் வைத்துவிட்டு, நுரை கட்டும்வரை கரண்டியால் கலக்கியபடி நிதானமாக நின்றார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். முதுகு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

முதுகு என்றதும் நெனாத் உடைந்துபோனான்.

"சுத்தி வளைக்காதீங்க மேடம். முதுகு நல்லாத்தான் இருந்துச்சு. மிளகா சுட்டேன்."

கரண்டி நின்றுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டதைச் சொன்னான், அங்கிருந்து பதிலே வராததையும் சொன்னான். ஆட்டைப் பற்றி எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே மிளகாய் சீசனில் வந்த முதுகு வலிகளையும் கணக்கில் சேர்த்தான். இரண்டு பிள்ளைகள், வீட்டில் ஒரு சம்பளம், இந்த ஒரு தடவை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டாம் என்று கெஞ்சினான்.

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. தேசங்கா அதைக் கவனிக்கவில்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்னு உனக்கு யாரு சொன்னா?"

"நானே பாத்தேன் மேடம். உங்க கம்ப்யூட்டர்ல என் பேர்ல ஃபோல்டரே போட்டு வச்சிருக்கீங்களே."

தேசங்கா அறையின் மூலையைக் கை காட்டினார். டேப்கூடப் பிரிக்காத பெரிய அட்டைப்பெட்டி ஒன்று அங்கே இருந்தது.

"என்னுதைத்தான் போன வாரம் உனக்குக் குடுத்துட்டேனே நெனாத். இந்தப் புதுசை மாட்டித் தரத்தான் உன்னை வரச் சொன்னேன்."