பாஸ்வேர்டு தெரிந்த ஆள்

"அந்த மெயிலை நான் அனுப்பவே இல்லம்மா. என் பேர்ல வேற யாரோ அனுப்பியிருக்காங்க."

பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று வேதியியல் பேராசிரியர் இதைச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. 'இன்றைய தேர்வு ரத்து' என்று காலையில் அவர் கணக்கிலிருந்து மெயில் போயிருந்தது. நூற்றெண்பது பேரில் ஒருவர்கூடத் தேர்வுக்கு வரவில்லை. வெறும் பெஞ்சுகளுக்கு நடுவே வினாத்தாள் கட்டோடு கால்மணி நேரம் நின்றிருக்கிறார் மனிதர்.

முதல் தடவை என்றால் ஏதோ கோளாறு என்று கணினி மைய அதிகாரி விட்டிருப்பாள். ஒரே மாதத்தில் இது மூன்றாவது. முதலில் யாரோ அவர் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அடுத்து, பதினைந்து வருட ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்தார்கள். அவற்றை மீட்டெடுப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இப்போது இது.

அவளுக்கு இது மானப் பிரச்சினை. 'பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், கணவன் மனைவியாக இருந்தாலும் சரி' என்று மாதம் தவறாமல் எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்புகிறவள் அவள்தான். போன வாரம்தான் புது அப்டேட் ஒன்றும் போட்டிருந்தாள். இனி செல்போனுக்கு வரும் எண்ணையும் தட்டினால்தான் கணக்கு திறக்கும். அதையும் தாண்டி ஒருவன் உள்ளே வந்திருக்கிறான்.

கணக்கின் பதிவுகளைத் திறந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவையும் வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. பட்டப்பகலில், பேராசிரியரின் அறையில், அவருடைய கம்ப்யூட்டரிலேயே எல்லாம் நடந்திருந்தது.

அறைச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். துறை எழுத்தரிடம் ஒன்று இருக்கிறது என்றார். செல்போன்? அதைச் சார்ஜில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவதுதான் தன் வழக்கம் என்றார்.

"ஆனா எழுத்தர் தங்கமான மனுஷன்மா. அவரா இருக்காது."

தங்கமோ பித்தளையோ, அறிக்கையில் எழுத வேண்டியதை அவள் எழுதினாள். பிறகு பேராசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புது பாஸ்வேர்டு போடச் சொன்னாள். அவர் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனிமேல் செல்போன் சட்டைப் பையை விட்டு வெளியே வரக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

மதியத்துக்குள் பதிவாளர் எழுத்தரைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இருபது வருடம் வேலை பார்த்த மனிதர். படிக்கட்டில் உட்கார்ந்து, பார்க்கிறவர்கள் பார்க்க, விம்மி விம்மி அழுதாராம்.

மூன்று மணிக்கு நூலகர் வந்து கதவைத் தட்டினார். பேராசிரியரின் மனைவி. அதே வளாகத்தில்தான் அவருக்கும் வேலை. காலையில் இருவரும் ஒன்றாக வருவார்கள், மதியம் பேராசிரியர் அறையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் வீட்டில் போய்ச் சொல்கிற ஜோடி.

"அந்த எழுத்தரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் பண்ணினது நான்தான்."

அதிகாரி எதிர் நாற்காலியைக் காட்டினாள். "நீங்களா மேடம்?"

"அவருக்கு வேற யாரோடயோ பழக்கம்னு ஒரு சந்தேகம். மெயிலைப் பார்க்கத்தான் உள்ள போனேன். அப்புறம் ஆத்திரத்துல என்னென்னவோ பண்ணிட்டேன்."

காலையில் கண்ணாடிக்கு வெளியே நடுங்கிய குரல் அதிகாரியின் காதிலேயே இருந்தது. கட்டின புருஷனை நூற்றெண்பது பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வைக்க ஒரு பெண்ணுக்கு எப்படி மனசு வரும்? இதற்கு வேலை போகும் என்று வெடுக்கென்று சொன்னாள். தெரியும் என்றார் நூலகர். ஊரே வாய்க்கு வந்தபடி பேசும் என்றாள். பேசிக்கொள்ளட்டும் என்றார்.

வாக்குமூலத்தை எழுதி அவர் பக்கம் தள்ளினாள். படித்துக்கூடப் பார்க்காமல் நூலகர் கையெழுத்துப் போட்டார். மூடி போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் அதிகாரியின் திரையில் ஒரு மெயில் வந்தது. பேராசிரியரின் கணக்கிலிருந்து. காலையில் போட்ட புது பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நூலகரோ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அதிகாரி மெயிலைத் திறந்தாள். ஒரு தடவை படித்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தாள். பிறகு திரையை நூலகர் பக்கம் திருப்பினாள்.

'கணினி மையத்துக்கு. இன்று மதியம் ஒரு அம்மாள் சாப்பாட்டுடன் என் அறைக்கு வந்தார். என் மனைவி என்கிறார். யார் என்று விசாரித்துச் சொல்லவும்.'

நூலகர் அதைக் கடைசி வரி வரை படித்தார்.

"அவர் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. அதுவரைக்கும் இது நான் பண்ணினதாவே இருக்கட்டும்மா."