மூக்கில் ஒரு குழாய்

"ஐயோ, மூக்கெல்லாம் செவந்து போச்சே! பச்ச மண்ணும்மா இது, எப்படித் தாங்கும்?" சபின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெற்றவள் கவிநிலாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எட்டாம் மாதமே அவசரமாகப் பிறந்த பிள்ளை. புருஷன் கடலுக்குப் போனவன் இன்னும் கரை திரும்பவில்லை.

சொந்த ஊர் பிள்ளைச்சாவடியிலிருந்து துணைக்கு வர ஒரு நாதியும் இல்லை. பிரெஞ்சு பென்ஷன் குடும்பத்துச் சபின்தான், அதே ஆஸ்பத்திரியின் மாடி ரூமில் பிரசவமான தன் அண்ணிக்கு வாங்கிய ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மகராசி!

குழந்தையின் மூக்கில் செருகிய குழாயின் மறுமுனை, தண்ணீர் பாட்டிலில் குபுகுபுவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இந்த மெசினாலதான் மூச்சு விடுறான்னு டாக்டரு சொன்னாருக்கா."

"அப்படித்தான் சொல்லுவாங்க. மோன் தியே, கடவுளே! ஒரு குழாய், ஒரு பாட்டில், இதுக்குப் பேரு மெசினா? ஏழைப்பட்டவங்களுக்குன்னு சல்லிசா செஞ்சு அனுப்புறதும்மா இது. எங்க வீட்டுக் கொழந்தன்னா கிட்டவே கொண்டார விடமாட்டோம். காலாப்பட்டுல கைராசிக்கார டாக்டர் ஒருத்தர் இருக்காரு. ஆட்டோவுக்கு நான் சொல்றேன்."

கவிநிலா பிள்ளையின் சிவந்த மூக்கைத் தடவிப் பார்த்தாள். நர்ஸ் செல்வாம்பாளைக் கூப்பிட்டுக் குழாயை எடுக்கச் சொன்னாள்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? எடுத்தா மூச்சுத் திணறும்! ஆஸ்பத்திரிக்கே இது ஒண்ணுதான் இருக்கு. உம்புள்ளைக்குக் கெடச்சுதேன்னு சந்தோஷப்படு."

"எம்புள்ளைய நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க யாரு தடுக்க?"

டாக்டர் ஓடி வந்து கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குழாயைக் கழற்றினார்கள்.

சபினே கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிப் போய் ஆட்டோவில் ஏற்றினாள். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டாள். துணிக்குள் அதன் நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழுந்தது.

"கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டாக்கா." கவிநிலா அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"போம்மா, நேரமாக்காத. சாமி பாத்துக்கும்."

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் சபின் போனை எடுத்தாள்.

"அண்ணா, மெசின் காலியாயிடுச்சு. நம்ம கொழந்தைய சீக்கிரம் கீழ தூக்கிட்டு வா!"