பொதுச் சுவர்

"தனி வீடுன்னா தனி வீடுதான். இன்னொருத்தர் சுவத்துல ஒட்டிக்கிட்டு நான் சாகமாட்டேன்!"

வேனை விட்டு இறங்கும்போதே றோசாலி டீச்சர் சொல்லிவிட்டார்.

முன்னால் போய்க்கொண்டிருந்த கணவர் இராயப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வில்லாக்களின் கேட்டைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

"பாத்தீங்களா தம்பி? நான் பேசுறது நாய் குரைக்கிற மாதிரி இருக்கு இவருக்கு."

வீடு காட்ட வந்த புரோக்கர் ஸப்ரான் என்னதான் சொல்வார் பாவம்! காலையில் வெலிமடை ரோட்டில் தனி வீட்டைக் காட்டியாயிற்று. நாலு பக்கமும் சொந்த நிலம், வாசலில் கொய்யா மரம். டீச்சர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது பதுளைக்கு வெளியே, இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய வில்லாக்கள். தனி வீட்டை வாங்க நாளைக்கே இன்னொருவர் வருகிறார். இன்றைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"நான் மடுல்சீமையில தோட்டத்து லயத்துல பொறந்தவ தம்பி. பன்னெண்டு காம்பரா, ஒரே வரிசை, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு சுவரு. இங்க இருமினா அங்க கேக்கும். கல்யாணம் கட்டி வந்தா தோட்டத்துக் குவாட்டர்ஸ். ஒரு ஆணி அடிக்கிறதுக்கும் தொரைகிட்ட கேக்கணும். ‘ரிட்டயர் ஆனதும் ஒனக்குன்னு ஒரு தனி வீடு, றோசா’ன்னு சத்தியம் பண்ணினாரு. இப்ப வில்லாவாம் வில்லா! பெயிண்ட் அடிச்ச லயம்!"

இராயப்பன் காதில் போட்டுக்கொண்டால்தானே? தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தெட்டு வருசம் ரோலர் மெசினோடு நின்றவர், கடைசியில் டீமேக்கராக ஓய்வு பெற்றவர். பேசினால் இன்னும் மெசினை மீறிப் பேசுகிற சத்தம்தான்.

மூன்றாம் நம்பர் வில்லா. பொதுச் சுவரைப் பார்த்தபடி, "அந்தப் பக்கம் யாரு?" என்றார்.

"கொழும்புக் குடும்பம் ஐயா. லீவுக்கு மட்டும் வருவாங்க. சத்தமே இருக்காது."

ஸப்ரானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த இராயப்பன், "வேணாம்" என்றார்.

ஆறாம் நம்பர். ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்கத் தெரிந்தது.

"பக்கத்து வீடு எல்ல டவுன்ல ஹோட்டல் வச்சிருக்கிறவரோடது. வாரத்துக்கு ஒரு நாள் வந்தா பெரிசு."

"வேணாம்."

கடைசியில் ஒன்று மிச்சம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும்.

ஸப்ரான் தலையைச் சொறிந்தார். "ஐயா, பிறகு என்னை ஏசக்கூடாது. பக்கத்துல இராக்கம்மான்னு ஒரு அம்மா இருக்காங்க. வீட்டை விட்டு நகரவே மாட்டாங்க. பொழுதுக்கும் வாய் ஓயாது. யார் வீட்டுல என்ன சத்தம் கேட்டாலும் முதல் ஆளா வந்து நிப்பாங்க."

இராயப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் வேணும்."

டீச்சருக்கு வந்ததே கோபம்!

"மாதாவே, இந்த மனுசனுக்கு என்ன புடிச்சிருக்கு? தம்பி, நீங்களே கேளுங்க." கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினார். "போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். ‘என்னங்க, என்னங்க’ன்னு அரை மணித்தியாலம் கத்தினேன். இவரு முன்னறையில குந்திக்கிட்டு கிரிக்கெட் பாத்தாரு. மேச் முடிஞ்சுதான் எந்திரிச்சு வந்தாரு. இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரனோட நாப்பது வருசம் குப்பை கொட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ஸப்ரான் இராயப்பனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இராயப்பனோ பொதுச் சுவரின் பக்கம் போய், விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். பிறகு சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"லயத்துப் புத்தி போகுதா பாருங்க" என்றார் டீச்சர். "ஆபத்து அவசரம்னா சுவத்துல மூணு தட்டுவோம். கேட்டவங்க திருப்பி மூணு தட்டிட்டு ஓடி வரணும். அது அந்தக் காலம்."

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் தெளிவாக வந்தது. கூடவே ஒரு குரல். "யாரது? என்னா வேணும்? வரவா?"

இராயப்பன் காதை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஸப்ரானிடம் திரும்பினார்.

"அந்தம்மா வீட்ல இல்லியோ? திருப்பித் தட்டக் காணோமே?"

ஸப்ரான் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"என்னங்க..."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க!"

அதற்கும் திரும்பவில்லை.

டீச்சர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து அவர் முகத்தைப் பிடித்தார். "எத்தனை நாளா இப்படி?"

இராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு வருசமா கொஞ்சங் கொஞ்சமா. ஆஸ்பத்திரியில காதுல மெசின் வச்சும் பாத்துட்டாங்க, சரி வரல. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அட பாவி மனுசா! காது போனா போகுது, நான் இல்லியா? அதுக்காக எதுக்கு என் தனி வீட்டைக் கெடுக்கிறீங்க?"

டீச்சரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டவர், கட்டுப் போட்ட கையை மெல்லத் தடவினார்.

"நீ மறுபடி விழுந்து கெடந்து கூப்பிட்டா எனக்குக் கேக்காது றோசா. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்காவது கேக்கணும்ல?"