முன் சீட்டு

“அம்மா, ஜன்னலை ஏத்து. ஏசி ஓடுது.”

“எனக்கு மூச்சு முட்டுதுப்பா. கொஞ்சம் காத்து வரட்டும்.”

வீட்டில் அவனுக்குப் பிளான் மாஸ்டர் என்று பெயர். அவனுக்கும் அதில் பெருமைதான். அம்மா அப்பாவை அழைத்துப் போகிற இந்தப் பயணத்துக்காகத் தலைகீழாக நின்றிருந்தான். படியேறத் தேவையில்லாத தரைத்தள அறை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அப்பாவின் முதுகுக்குத் தனித் தலையணை. மனைவியின் மடியில் மாத்திரைப் பெட்டி.

டிரைவர்கூடச் சும்மா கிடைத்தவர் இல்லை. குலுங்காமல் ஓட்டுவார் என்று பெயரெடுத்தவர். அன்று காலை வீட்டிலிருந்து போன் போட்டபோது வாடகைக் கார் ஆபீசில், “வேற ஆளை அனுப்பறோம் சார், அவர் இப்பதான்...” என்று இழுத்தார்கள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. வயசானவங்க வர்றாங்க. அவர்தான் வேணும், இல்லேன்னா வண்டியே வேணாம்” என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினான்.

இவ்வளவு செய்து என்ன பயன்? காலை நீட்டிச் சாய அம்மாவுக்கென்று பின் சீட்டை ஒதுக்கியிருந்தான். அவளோ பெட்டிகளை ஏற்றி முடித்ததும் நேராகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தவள் வாயையும் மூடவில்லை.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க தம்பி?”

“ரெண்டு பொண்ணுங்கம்மா.”

“என்ன படிக்குதுங்க?”

அவர் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

“பொண்ணுங்க என்ன படிக்குதுங்கன்னு சொன்னீங்க?”

“அம்மா, அவரை ஓட்ட விடேன்” என்றான் பிளான் மாஸ்டர்.

“மறந்துட்டேன்டா.”

“கல்யாணமான நாள்லேர்ந்து நானும் எப்ப இடைவேளை விடுவாள்னு காத்துக்கிட்டிருக்கேன்” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

பேச்சாவது போகட்டும். அடுத்த ஊர் வந்ததும், “தம்பி, எங்கயாவது நிறுத்துங்க. டீ குடிக்கணும்.”

“இப்பதானேம்மா குடிச்சோம்?”

“அது வாய் கொப்புளிக்கவே சரியாப் போச்சு.”

டீ ஆனது. அப்புறம் பாத்ரூம். அப்புறம், கால் மரத்துப்போச்சு, நாலு எட்டு நடக்கணும். ஏரியில் மாலைப் படகுச் சவாரிக்கு அவன் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தான். அப்பாவின் நெடுநாள் ஆசை அது. படகுத்துறை மூடுவதற்குள் போய்ச் சேருவோம் என்கிற நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

மறுபடி நிறுத்தச் சொன்ன இடத்தில், அம்மா மரத்தடிப் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்தேவிட்டாள்.

“முட்டி பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேன்.”

அவனுக்குப் பொறுமை அறுந்தது.

“உனக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்? சின்னக் குழந்தை மாதிரி அடம் பிடிச்சா நான் என்னதாம்மா செய்யறது? இனிமே நீ பின்னாடிதான் உக்காரணும். போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

“மெல்லப் பேசு” என்றாள் அம்மா. “அவர் முழிச்சுக்கப் போறார்.”

“யாரு?”

அம்மா முகவாயால் காரைக் காட்டினாள். ஸ்டீயரிங் மேல் கையை மடித்து, கைமேல் தலை வைத்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார் டிரைவர்.

“பெட்டியை ஏத்தும்போதே கண்ணு செக்கச்செவேல்னு இருந்துது. பேச்சை விட்டாத் தலை தொங்குது. ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கட்டும், அப்புறம் போகலாம்.”

பிளான் மாஸ்டர் காரைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடியே கைபேசியை எடுத்தான்.

“வயசானவங்களை ஏத்திக்கிட்டுத் தூங்கி வழியறானா? இப்பவே ஆபீசுக்குப் போன் போடறேன். இன்னியோட அவன் வேலை காலி.”

“இதுக்குத்தான் உங்கிட்ட சொல்லலை.”

அம்மா எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறி மடித்தாள்.

“போடுப்பா. ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து விடிகாலைலதான் படுத்தேன்னு எங்கிட்ட சொன்ன மனுஷனை, அவர்தான் வேணும்னு அடம் பிடிச்சு எழுப்ப வெச்ச குழந்தை யாருன்னு அவங்களே சொல்லுவாங்க.”