சிவப்புத் துவாயும் நீலத் துவாயும்

“ஏன் டோரீன், கொட்டுற மழையில துணி காயுமா?”

கேத்ரினின் குரலுக்கு, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பொதுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“சும்மா போட்டேன் அக்கா,” என்றாள் டோரீன்.

“சும்மாவா? புருஷன் கொழும்புல. இவ மேல் லயத்துல துவாயத் தொங்கப்போட்டு யாருக்கோ கொடி காட்டுறா. ஆளு மட்டும் கையில சிக்கட்டும், தோட்டத் தலைவர்கிட்ட சொல்லி லயத்த விட்டே வெரட்டுறேன்,” என்றாள் கேத்ரின்.

டோரீனின் முகம் வெளுத்தது.

“என் வீட்டைப் பாருங்கடி. என்னைக்காவது ஒரு சத்தம் கேட்டிருக்கா? என் மகன் ஜூட் வந்தா சோத்தைத் தின்னுட்டுத் தூங்கிருவான். மருமக தனுஜாவுக்குத்தான் கால் வீட்டுல நிக்காது.”

டோரீன் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு கிருஷாந்தி ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். வீடு திரும்பிய கேத்ரினோடு கூடவே நடந்து வந்தாள்.

“இது சங்கேதம் பெரியம்மா. சேதி எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதோட அர்த்தம், சாவி வச்சிருக்கிற ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

“நானும் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீலத் துவாய்க்கு வலது பக்கம் சிவப்பு தொங்கும். சில நாள் இடது பக்கம்.”

“எது அடிக்கடி?”

“வலதுதான்.”

“அப்ப அது சும்மா. எப்பவாவது வருதே, அந்த இடதுலதான் விஷயம்.”

“யாருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“அதே சேதிய நீங்க அனுப்பிப் பாருங்க. சாவி வச்சிருக்கிற ஆளு தானா வருவாரு,” என்று சிரித்தாள் கிருஷாந்தி.

ஞாயிற்றுக்கிழமை. டோரீன் தலவாக்கலைச் சந்தைக்குப் போயிருந்தாள். ஜூட்டும் காலையிலேயே டவுனுக்கு இறங்கிவிட்டான்.

தூறலில் கேத்ரின் மேல் லயத்துக்கு ஏறினாள். அங்கிருந்து பார்த்தால், கீழே தன் லயத்துக்குத் தெரியாத, டவுனிலிருந்து வரும் ரோட்டு வளைவு நன்றாகத் தெரிந்தது. ‘நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்கா’ என்று முணுமுணுத்தாள்.

துவாய்களை இடம் மாற்றினாள். சிவப்பு இடது பக்கம்.

ஒரு விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒளிந்தாள். எவனாக இருக்கும்? கடைக்காரனா? லொறிக்காரனா?

தூறலுக்குள் யாரோ ஓடிவரும் சத்தம். செருப்புகூடப் போடாத ஓட்டம். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“வாடா ராசா, வா,” கேத்ரின் கட்டையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கைப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, பூட்டிய கதவைப் படபடவென்று தட்டினாள் தனுஜா.

“டோரீனக்கா, கதவைத் திறங்க! அவரு வளைவுக்கு வந்துட்டாரா? இன்னைக்கும் குடிச்சிருக்காரா?”