முதல் மடக்கு

"காய்ச்சினவளே குடிக்க மாட்டேன்னா, நாங்க என்ன சோதனை எலியா?"

வெலாபி இதைச் சத்தமாகத்தான் கேட்டார். எம்பங்கேனி ஊரில் பாதி அந்த முற்றத்தில் கூடியிருந்தது. அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி பலுங்கிலே, சிவப்புச் சோளத்தில் புதிதாக ஒரு பீர் இறக்கியிருந்தாள். அதற்குத்தான் விழா. புட்டி, லேபிள், பலூன் எல்லாம் இருந்தன. நடுவில், முறைக்காக, ஒரு கறுப்பு மண்பானையில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

வெலாபி தேவாலயச் சபையின் மூப்பர். மூப்பருக்கு பீர் விழாவில் என்ன வேலை என்று கேட்டால், சோளத்தில் காய்ச்சியது மதுவில் சேராது, உணவில் சேரும் என்பார். ஆதாரமும் வைத்திருப்பார். அதே நம்பிக்கையில் சபைக்காரர்கள் இரண்டு வரிசை அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

முறைப்படி, காய்ச்சியவள் எல்லோர் முன்னாலும் முதல் மடக்கு குடித்துக் காட்ட வேண்டும். பானையில் கெடுதல் எதுவும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பலுங்கிலேயோ பானையைத் தன் கூட்டாளி பும்லாவிடம் நீட்டிவிட்டாள்.

"அவளும் என்னோட சேர்ந்து காய்ச்சினவதான், அத்தான்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"வீடு யாருது?"

"என்னுது."

"சோளம் ஊற வச்ச கை?"

"என்னுது."

"அப்ப வாய் மட்டும் எதுக்கு இரவல்?"

கூட்டம் சிரித்தது. "பல்லி கில்லி விழுந்திருக்குமோ என்னவோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கோப்பையோடு நின்ற ஒருவர் அதை மெதுவாக மேஜையில் வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் வைத்தார். கடற்கரை ஓட்டலிலிருந்து சரக்கு எடுக்க வந்திருந்த அம்மாள், விஷயம் புரியாமல் பக்கத்தில் விசாரித்தாள். புரிந்ததும் அவளும் வைத்தாள்.

பும்லா முன்னால் வந்தாள். "ஐயா, அவங்களுக்கு இன்னிக்கு வயிறு சரியில்லை."

"காலையில என் எதிர்லதான் ரெண்டு தட்டு மாட்டுக்கறி சாப்பிட்டா. அப்ப சரியா இருந்துச்சு."

"விட்டுடுங்களேன் அத்தான்," என்றாள் பலுங்கிலே, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"காரணம் சொல்லு, விட்டுடறேன்."

அவள் சொல்ல வாயெடுத்தாள். என்றைக்கும் இல்லாத வழக்கமாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு வரிசைகளையும் பார்த்தாள். சொல்லவில்லை. மண்டியிட்டு, பானையைத் தூக்கி உதட்டில் வைத்தாள்.

"உதடு நனைஞ்சா போதாது. தொண்டையில இறங்குறது தெரியணும்."

இறங்கியது. ஒரு மடக்கு, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. பானையைக் கீழே வைக்கச் சற்று நேரமாயிற்று.

கைதட்டல். வைத்த கோப்பைகளெல்லாம் மறுபடி கைக்கு வந்தன. ஓட்டல் அம்மாள் நாற்பது பெட்டிக்குச் சொன்னாள்.

"நான் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு வியாபாரம் படுத்திருக்கும்," என்றார் வெலாபி பக்கத்திலிருந்தவரிடம்.

பும்லா அவரைப் பீப்பாய்களுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"திருப்தியா, ஐயா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, பும்லா."

"ஆறு வருஷமா அவங்க ஒரு சொட்டு தொட்டதில்லை. மூக்கும் கையும் அவங்களுது, நாக்கு என்னுது. நான் குடிச்சுட்டு புளிப்பு தூக்கலா, கசப்பு கம்மியான்னு சொல்வேன். அதை வச்சுத்தான் காய்ச்சுறாங்க."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"உங்க தம்பி டுமிசானி ஆஸ்பத்திரியில கையில அடிச்சு வாங்கின சத்தியம். ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சவங்கதானே. 'நான் போயிடுவேன், நீயாவது நில்லு'ன்னார். முதல் வருஷம் அவங்க பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவ நான். ஒரு மடக்கு உள்ளே போனா, அவங்களுக்கு நிறுத்தத் தெரியாது ஐயா."

வெலாபிக்கு இது புதுச் செய்தி. தம்பியின் கடைசி வாரத்தில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்து, எந்த வார்டு என்று கேட்டுவிட்டால்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன அரக்கனா?"

"அத்தனை பேருக்கு நடுவுலதானே காரணம் கேட்டீங்க. சொன்னா, டுமிசானி எதுல செத்தார்னு அடுத்த கேள்வி வரும். குடிச்சு ஈரல் கெட்டுப் போனவரை, நுரையீரல் காய்ச்சல்ல போனார்னு சவப்பெட்டி பக்கத்துல நின்னு சபைக்குச் சொன்னது யாரு? உங்க பேரைக் காப்பாத்தத்தான் குடிச்சாங்க."

வெலாபி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்.

முற்றத்தில் சபைப் பெண்கள் பலுங்கிலேயைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். "முதல் மடக்குதான் ஆச்சே, இனிமே எங்களுக்காக ஒண்ணு," என்று ஒருத்தி நிறைந்த கோப்பையை நீட்டினாள். பலுங்கிலேயின் கை பாதி எழுந்து நின்றது. கண் கூட்டத்தில் யாரையோ தேடியது.

தடுக்க ஒரு வாக்கியம் போதும். வெலாபி வேகமாக நடந்தார். இரண்டு பேரை இடித்துக்கொண்டுகூட நடந்தார். அவளருகே போய் வாயைத் திறந்தார்.

பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"சொல்லுங்க மூப்பரே," என்றார் சபைக்காரர் ஒருவர்.

"ஒண்ணுமில்லை," என்றார் வெலாபி. "பீர் நல்லா வந்திருக்கு."

பலுங்கிலே கோப்பையை வாங்கிக்கொண்டாள்.