நவாபின் மச்சம்

"துணிய இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்க அம்மணி" என்றார் ஸ்டூடியோக்காரர் பிரான்சிஸ்.

இஸ்மத் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தாள். துணியின் நடுவே ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாகக் கேமராவின் கண் மட்டும் மீன்தொட்டியை எட்டிப் பார்த்தது.

கண்ணாடிக்குள் இருப்பதைப் படமெடுத்தால், எதிரே நிற்பவரையும் கண்ணாடி சேர்த்துக் காட்டிவிடும். கறுப்புக்குப் பின்னால் நின்றால் காட்டாது. ஃப்ளாஷையும் நேராக அடிக்கக் கூடாது. கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சட்டத்துக்கு நேராக அடித்தால் நம்மிடமே திரும்பி வருகிற மாதிரி, வெளிச்சமும் திரும்பி வந்து லென்ஸில் விழும். சாய்த்து அடித்தால் வேறு பக்கம் போய்விடும்.

யாரும் கேட்காமலே பிரான்சிஸ் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

இஸ்மத்துக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

துணிக்கு அந்தப் பக்கம், தொட்டியை ஒட்டி, அவள் கணவர் கலீல் ரஹ்மான் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பழைய படம். இரண்டு வருடமாக ஷார்ஜாவில் அவர் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருந்த படம். அதில் அவருடைய மீன் நவாப் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த ஆஸ்கர் மீன். தொட்டி மீன்களிலேயே ஆளை அடையாளம் கண்டு கைக்கு வருகிற சாதி.

அவர் எழுதிய ஒவ்வொரு கடிதமும் 'நவாப் சுகமா?' என்றுதான் தொடங்கும். இஸ்மத்தின் சுகம் அடுத்த வரியில்.

படத்தில் நவாபின் இடது கன்னத்தில் தங்க நிறத்தில் ஒரு மச்சம்.

தொட்டியில் நீந்திய மீனுக்கு அது வலது கன்னத்தில் இருந்தது.

லீவில் வந்த அன்றே கலீல் கண்டுபிடித்துவிட்டார். இது என் மீன் இல்லை என்றார்.

"மச்சம் வலப் பக்கந்தானுங்க இருந்துச்சு" என்றாள் இஸ்மத். பன்னிரண்டு நாளாக அதையேதான் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மீனு சுகம்னு எழுதுன கைதான மத்ததையும் எழுதுச்சு? நான் எதை நம்பறது?" என்று கேட்டுவிட்டு, கலீல் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவர்தான். இப்போது எடுக்கிற படம் கழுவி வந்ததும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளைப் பெற்ற அத்தாவிடம் காட்டப் போகிறாராம். அதன் பிறகு ஷார்ஜாவிலிருந்து கடிதமே வராதாம்.

அவளுக்குத்தான் தலை சுற்றியது. வலது கன்னம் என்று சத்தியம் செய்வாள். ஆனால் படம் இடது என்கிறது. படம் எப்படிப் பொய் சொல்லும்? சமைத்துக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்தி, சோறு தின்கிற கை எது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவ்வளவு குழப்பம்.

மீன் திரும்பியது. ஃப்ளாஷ் வெட்டியது.

"பாத்தீங்களா, என்னயக் கண்டா ஒதுங்குது. என் நவாபா இருந்தா கைக்கு வந்திருப்பான்" என்றார் கலீல்.

"ரெண்டு வருசமாச்சே பாய். நான் மூணு நாளு தாராபுரம் போயிட்டு வந்தாலே எங்க ஊட்டு நாய் என்னப் பாத்துக் குரைக்குதுங்க. அந்தப் பழைய படத்தக் குடுங்க, அதே கோணத்துல எடுக்கலாம்."

படத்தை வாங்கிய பிரான்சிஸ் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அதன் மேல் வைத்தார்.

கண்ணாடி படத்தின் ஒரு மூலைக்கு வந்ததும் நின்றது.

தொட்டியின் வலது மூலையில், தண்ணீரின் சூட்டைக் காட்டும் எண்கள் போட்ட பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. பிரான்சிஸ் படத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், படத்துல இந்தப் பட்டை இடது மூலையில இருக்குதுங்களே. நம்பரும் திரும்பி நிக்குதுங்க."

நெகட்டிவுக்கு இரண்டு முகம். ஒன்று வழவழப்பு, ஒன்று மங்கல். பெரிதாக்கும்போது மங்கல் முகம் தாளைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் படம் தெளிவாகவே விழும். வலது மட்டும் இடதாகிவிடும். மனிதர் படமென்றால் மாராப்பு தோள் மாறியிருப்பதைப் பார்த்து வீட்டாரே சண்டைக்கு வந்துவிடுவார்கள். மீனுக்காக யார் வருவார்?

"பெருசு பண்ணிக் குடுத்தது நாந்தானுங்க. திருப்பிப் போட்டுப்போட்டேன். தப்பு என்னுதுங்க" என்றார் பிரான்சிஸ்.

கலீல் படத்தை வாங்கி, அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். தாளின் ஊடே நவாப் மங்கலாகத் தெரிந்தான். மச்சம் வலது கன்னத்துக்கு வந்திருந்தது.

தன் கையால் வளர்த்த மீன்தான். ஆனால் இரண்டு வருடம் இந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, அவர் நினைவிலிருந்த மீனும் எப்போதோ திரும்பிவிட்டிருந்தது.

"இஸ்மத்" என்றார். "நீ சொன்னதுதாம்மா நெசம். மன்னிச்சுப்போடு. இனி நீ என்ன சொன்னாலும் நம்புவேன்."

படம் எடுத்தாகிவிட்டது, துணியை இறக்கலாம் என்றார் பிரான்சிஸ்.

இஸ்மத் இறக்கவில்லை. முகத்துக்கு நேராக அதைப் பிடித்தபடியே நின்றாள்.

அப்படியென்றால் அவள் கண் தப்புச் செய்யவில்லை. வலது கன்னம்தான். கறிவேப்பிலைச் செடிக்கடியில் நவாபின் மேல் மண்ணைத் தள்ளும் முன் அந்த மச்சத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டுதான், உக்கடத்து வளர்ப்பு மீன் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.